டாக்டர் பாப்பனிக்கொலாவு

கிரேக்க நாட்டைச் சேர்ந்த யூபோயா என்னும் தீவில், ஈஜியக் கடலை நோக்கியவாறு கீமி என்ற சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரில் 1883ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு பிறந்தார். நம் நாவுக்கு எளிதில் அடங்காத பெயர்தான் இது. மேனாட்டு மருத்துவர்க்கும் அஃது அடங்கவில்லை போலும்! அவர் கண்ட சோதனைக்கு அப்பெயரின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பாப் சோதனை என்று வழங்கலாயினர்.

அவர்தம் தந்தையார் ஒரு மருத்துவர். மைந்தனும் தம்மைப் போலவே மருத்துவத் தொழில் புரிந்து ஊரிலேயே வாழ வேண்டும் என்பது அவர் விருப்பம். மைந்தர் ஆதென்ஸ் நகரில் பயின்று 1904இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சின்னாள் தொழுநோயாளர்க்கும் பணி புரிந்தார். எனினும், அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடிற்று. செருமனி நாட்டுக்குச் சென்று விலங்கியல் பயின்று, 1910இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஆந்திரோமாகி என்னும் நங்கையை மணந்தார். மேரி என்று அழைக்கப்பெற்ற இவ்வம்மையாரை மறந்து பாப்பனிக்கொலாவின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

1912இல் மூண்ட பால்கன் போரில் அவர் படை மருத்துவராய்ப் பணியாற்றினார். அங்கே, அமெரிக்காவிலிருந்து வந்து போரிட்ட கிரேக்க இளைஞர் பலர், அந்நாட்டில் உழைப்பவர்க்கு வழியுண்டு என்று அவரிடம் கூறினர். 1913ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கணவனும் மனைவியும் நியூயார்க்குத் துறைமுகத்தில் இறங்கினர். ஆங்கில மொழியும் தெரியாது. கையிருப்போ 250 டாலருக்கு மேல் இல்லை. இருபெரும் பட்டங்கள் பெற்ற அறிஞர் கம்பளம் விற்கும் கடையில் நின்றார். உணவு விடுதிகளில் வயலின் வாசித்தார். அம்மையார் வாரம் ஐந்து டாலர் கூலிக்குச் சட்டைப் பொத்தான் தைத்தார். மறு ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கேயே அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தார்.

அங்கு அவருக்கு வேண்டியிருந்தவை கினிப்பன்றியின் கருமுட்டைகள். அவை முதிரும் வேளையைத் துல்லியமாக அறிதல் வேண்டும். அதனை அறிய அதுவரை விலங்கைக் கொன்று பார்ப்பதே வழக்கமாயிருந்தது. கொல்லாமல் அறியலாகாதா என்று அவர் எண்ணினார். மனிதர் மூக்கை ஆராய உதவும் சிறு கருவி ஒன்றைக் கொண்டு, விலங்கின் பிறப்புறுப்பிலிருந்து ஒரு துளி நீரை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார். என்ன வியப்பு! உதிர்ந்த உயிரணுக்கள் நாளுக்கு நாள் வடிவம் மாறி, உள்ளே நிகழ்வதைப் புறத்தே காட்டின. 1917இல் இம்முடிவு வெளியாயிற்று.

விலங்கிற் கண்டது மனிதரிலும் உண்டா? இதனை அறியத் தம் உடலை ஆராய்ச்சிக்குத் தந்தவர் மேரி அம்மையாரே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தளராது ஒத்துழைத்தார். ஆய்வுக்கூடத்திலும் கூலியின்றி உடன் உழைத்தார். கணவரின் புகழில் செம்பாதி இவ்வம்மையாருக்கு உரியது என்போம். உலகம் அத்துணை அளித்ததாகத் தெரியவில்லை.

பின்னர் மருத்துவமனைக்கு வந்த மகளிரிடமிருந்து எடுத்த சில்லுகளை ஆராய்ந்தபோது, ஒன்றில் இயல்புக்கு மாறான உயிரணுக்கள் தென்பட்டன. அவை கருப்பை வாயில் தோன்றிய புற்றுநோயின் அணுக்கள். இந்நோய் ஒரு நாளில் முற்றுவதன்று. அணுக்கள் மெல்லத் திரிந்து புற்றாக மாறுவதற்குப் பல்லாண்டுகள் செல்லும். அவ்விடைக்காலத்தில் வலியில்லை, குருதிப்போக்கும் இல்லை. நோயாளி தானே உணரும் நாளிலோ, பெரும்பாலும் காலம் கடந்துவிடும். அறிகுறி தோன்றாத நிலையிலேயே கண்டு நீக்கினால் உயிர் பிழைக்கும். பாப்பனிக்கொலாவின் சில்லு அதற்கு வழி காட்டிற்று.

1928இல் அறிஞர் அவையொன்றில் அவர் இதனை அறிவித்தார். அவையினர் பொருட்படுத்தவில்லை. தசையை வெட்டி எடுத்துச் சோதிக்கும் முறை இருக்க, உதிர்ந்த அணுவைத் தேடுவானேன் என்பது அவர்தம் கருத்து. அதே காலத்தில் ருமேனிய நாட்டு மருத்துவர் அவுரேல் பாபேஷ் என்பாரும் தனித்து நின்று இத்தகைய முறையைக் கண்டறிந்திருந்தார் என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் நேர்மையாகும். பாப்பனிக்கொலாவு வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை, வேறு ஆராய்ச்சிகளில் ஈடுபட்டுக் காத்திருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் புதிய துறைத்தலைவர் ஊக்கமளிக்க, எர்பர்ட் திராட் என்னும் மருத்துவருடன் சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தார். 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளிவந்தன. அதன்பின் உலகம் செவிசாய்த்தது.

1961இல் அவர் மயாமி நகருக்குச் சென்றார். அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை வளர்க்க விழைந்தார். ஆனால், மூன்று திங்கள் அளவில், 1962 பிப்ரவரி 19ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார்.

ஒரு சோதனை பிறந்துவிட்டது என்பதனாலேயே நோய் குறைந்துவிடாது. இதற்கு இரண்டு நாடுகளே சான்று. பின்லாந்து 1963 முதல் குறித்த வயது மகளிர் ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மடல் எழுதிச் சோதனைக்கு அழைத்தது. காலப்போக்கில் இந்நோயும் இதனால் நேரும் இறப்பும் அங்கே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. இங்கிலாந்திலும் அதே காலத்தில் சோதனை தொடங்கியது. ஆனால் முறையான அழைப்பு இல்லை. வந்தவரே மீண்டும் வந்தனர், வரவேண்டியவர் வரவில்லை. பெயர்ப்பட்டியல் கொண்டு அழைக்கும் முறை 1988இல் ஏற்பட்டது. அப்போது நூற்றுக்கு 42 பேராயிருந்த சோதனை பெற்றோர் தொகை, 1994இல் 85 ஆயிற்று. இறப்பும் விரைந்து குறைந்தது.

நம் நாட்டிலோ இடர்ப்பாடு வேறு. சில்லைச் சாயமேற்றிப் பார்க்கப் பயின்ற கண்கள் வேண்டும். முடிவு தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரு நாட்கூலியை இழந்து, நாணத்தையும் அடக்கிக்கொண்டு வந்த சிற்றூர்ப் பெண், நோவொன்றும் இல்லாதபோது மறுமுறை வருவாளா? இதனைக் கருதியே 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களில் எளிய முறையொன்று ஆராயப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் கலந்த நீரைத் தடவுவர். வீட்டுக் காடியின் புளிப்பும் அவ்வமிலமே. திரிந்த பகுதி வெண்மையாகத் தோன்றும். தக்கவர்க்கு அந்நாளிலேயே உறைகுளிரால் அதனை அழித்துவிடுவர். இரண்டாம் முறை அழைக்க வேண்டுவதில்லை. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 மகளிர் அழைக்கப்பெற்றனர். 31,343 பேர் வந்தனர். வாராதவரையும் சேர்த்துக் கணக்கிட்டே, அழைக்கப்பெறாத ஊர்களோடு ஒப்பிட்டனர். இந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது என 2007இல் அம்முடிவு வெளியாயிற்று.