அறிவியற் செம்மல் பட்நாகர்

எட்டயபுரத்தைச் சூழ்ந்துள்ள நிலம் கரிசல் நிலம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை பொழியின், ஊருணிகளிலும் கண்மாய்களிலும் நீர் கலங்கி நிற்கும். அந்நீரில் கலந்த மணல் விரைவில் அடியிற் படிந்துவிடும். நுண்ணிய களிமண்ணோ நெடுநேரம் படியாது மிதந்துகொண்டேயிருக்கும். தேற்றாங்கொட்டையை இழைத்து அக்கலங்கல் நீரைத் தெளிவித்தல் தமிழர் பண்டுதொட்டு அறிந்த முறையாகும். அந்நீரில் உப்பைக் கரைப்பினும், துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு கீழிறங்கும். எளிய இந்நிகழ்ச்சியினுள் அரியதோர் உண்மை அடங்கியுள்ளது. அவ்வுண்மையைத் துணைக்கொண்டு எண்ணெய்க் கிணற்றுத் தொழிலின் பெருந்தடை ஒன்றை நீக்கிப் புகழ் பெற்றவர் சாந்தி சுவரூப பட்நாகர்.

பட்நாகர் 1894-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரிற் பிறந்தார். அவர் எட்டுத் திங்கட் குழந்தையாக இருந்தபோதே தந்தையார் இயற்கை எய்தினார். ஆதலின், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் வளரலானார். பாட்டனார் ஒரு பொறியியலறிஞர். கருவிகளும் பொறிகளும் நிறைந்த அவ்வில்லத்தில் வளர்ந்த சிறுவருக்கு, பொருள்களைப் பிரித்துப் பார்த்தலிலும் புதியன செய்தலிலும் பெருவிருப்பம் உண்டாயிற்று. நூலாற் கட்டிய தொலைபேசியும் மின்கலமும் செய்து அவர் விளையாடினார். வறுமை பல இடர்களை விளைத்தது. எனினும் அவர் கல்வியில் தளர்ந்தாரல்லர்.

லாகூரில் 1919-ஆம் ஆண்டு இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்ற பட்நாகர், உதவித்தொகை பெற்று மேற்படிப்பிற்காக அமெரிக்கா செல்லப் புறப்பட்டார். முதல் உலகப்போர் முடிந்து, படைவீரர்கள் தம் நாட்டிற்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல்களில் இடம் கிடைத்திலது. ஆகவே அவர் இலண்டனிலேயே தங்கிப் பேராசிரியர் டான்னன் என்பாரிடம் பயின்றார். எண்ணெயும் நீரும் கலந்து நிற்றல், நுண்துகள்கள் நீர்மங்களில் மிதத்தல் ஆகியவற்றைப் பற்றிய கூழ்ம இரசாயனம் அவ்வாசிரியரின் தனித்துறையாகும். கப்பலில் இடமின்மையால் நேர்ந்த தடையே பட்நாகர் வாழ்வின் திசையைத் திருப்பிற்று. அவர் 1921-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பணிபுரிந்தபின், 1924-இல் லாகூர்ப் பஞ்சாபுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

அந்நாளில் இராவல்பிண்டியைச் சார்ந்த பகுதியில் அட்டோக் எண்ணெய்க் கம்பெனியார் எண்ணெய்க் கிணறுகள் தோண்டிவந்தனர். கிணறு தோண்டுவோர் களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, துளைக்கருவியின் குழாய் வழியே உள்ளே செலுத்துவர். அக்குழம்பு துளைமுனையைக் குளிர்விக்கும். உடைபட்ட கற்பொடிகளைச் சுமந்துகொண்டு மேலேறி வரும். துளையின் பக்கங்கள் சரியாமலும் காக்கும். குழம்பு நீர்த்துப்போயின் கற்பொடிகள் மேலே வாரா. அடியில் தங்கிக் கருவியைப் பற்றிக்கொள்ளும். குழம்பு மிகத் தடித்துவிடின் ஓட்டமே நின்றுபோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதமே வேண்டுவது.

அட்டோக் கிணறுகளில் அப்பதம் கெட்டது. நிலத்தின் ஆழத்தில் உப்புப் படிவுகள் இருந்தன. களிமண் குழம்பு உப்பு நீரைத் தொட்டவுடன் இறுகிக் கட்டியாயிற்று. துளைக்கும் வேலை நின்றது. கம்பெனியார் பட்நாகரின் உதவியை நாடினர்.

இடர் தோன்றியது இயந்திரத்திலன்று, சேற்றின் தன்மையிலேயே என்பதைப் பட்நாகர் உணர்ந்தார். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலின் அவை நன்னீரில் ஒன்றையொன்று விலக்கித் தனித்து நிற்கின்றன. உப்புக் கரைந்த நீரில் அவ்விலக்கும் ஆற்றல் குன்றுகிறது. துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளுகின்றன. மண் சிறிதாயின் அவை திரண்டு அடியிற் படியும். குழம்பு செறிந்ததாயின் அதன் முழுமையும் இறுகிவிடும். துகள்கள் ஒட்டாதவாறு காக்க வல்ல பொருளொன்றைச் சேர்ப்பதே இதற்கு மருந்தெனக் கண்ட பட்நாகர், நம் நாட்டுப் பிசின் ஒன்றைக் குழம்பிற் கலந்தார். குழம்பின் தடிப்புக் குறைந்தது. உப்பைத் தாங்கும் உறுதியும் மிகுந்தது. தடைப்பட்ட வேலை மீண்டும் நடந்தது. பெரும் பொறிகளை நிறுத்திய இடர், மரம் தரும் எளிய பிசினால் நீங்கிற்று!

கம்பெனியார் பெரிதும் மகிழ்ந்து, பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்க முன்வந்தனர். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். இளமையில் வறுமையை அறிந்த பட்நாகர் அதிலிருந்து தமக்கெனப் பொருள் கொள்ள விழைந்திலர். அத்தொகை பல்கலைக்கழகத்தின் வழியாகவே வரவேண்டும் என்றார். அதனைக்கொண்டு பெட்ரோலிய ஆராய்ச்சிப் பகுதியொன்று அங்கே தோன்றிற்று. பின்னரும் அவர்தம் ஆராய்ச்சியின் ஊதியத்தால் இளைஞர் பலர் ஆய்வுசெய்யும் வாய்ப்புப் பெற்றனர்.

பட்நாகர் 1942-ஆம் ஆண்டு அமைந்த அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பணியை ஏற்றார். நாடு விடுதலை பெற்றபின், பிரதமர் நேருவின் துணையோடு தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் பலவற்றை நிறுவினார். அவற்றுள் ஒன்று தமிழகத்துக் காரைக்குடியில் உள்ள மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நல்கினார். நேரு 1948-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வறண்ட பூமியில் அறிவுப் பயிர் தழைக்கலாயிற்று.

ஓய்வறியாது உழைத்த பட்நாகர் 1955-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாரடைப்பால் மறைந்தார். அவர் பெயரால் நிறுவப்பெற்ற பரிசு நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் பலரைச் சிறப்பித்தது. 2024-ஆம் ஆண்டு முதல் இளம் விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பெறும் தேசிய விருதும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நீர்மங்கள் ஓடும் இயல்பையும், அவற்றினூடே துகள்கள் மிதத்தலையும் படிதலையும் இரசாயனப் பொறியியல் மாணவர் இன்று தனிப்பாடமாகக் கற்கின்றனர். அப்பாடத்தின் முதற்பக்கம் கண்மாய் நீரிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. காலடியில் கிடக்கும் சேற்றையும் ஆராய்ந்து அறிவதும், அவ்வறிவால் வந்த பயனைப் பிறர்க்கு ஆக்குவதும் பட்நாகர் நமக்குக் காட்டிய நெறியாகும்.