ஜி.டி.நாயுடு பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்



இந்தக் கோடை விடுமுறையில் நம் வண்டி நிறுத்துமிடத்தின் பின்மூலையைக் கவனித்திருப்பீர்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேரனும் அவன் நண்பர்கள் இருவரும், தூசி படிந்து நின்ற மூன்று பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தார்கள். தரையில் எண்ணெய்க் கறை படிகிறது என்று சங்கத்துக்குப் புகார் வந்தது. புகார் நியாயமானதுதான். பையன்கள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். ஆனால் இனி இங்கே யாரும் வண்டியைப் பிரிக்கவே கூடாது என்ற பேச்சு அடிபடுகிறது. அதற்கு முன் ஜி.டி.நாயுடுவின் கதையை ஒருமுறை கேளுங்கள்.

நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. சில வகுப்புகளோடு நின்றுவிட்டது. இளம் வயதில் ஒருநாள், வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்த ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் தயாரான ரட்ஜ் வண்டி அது. மாடு இழுக்காமல், மனிதன் மிதிக்காமல் ஓடும் வண்டியை அதற்குமுன் அவர் கண்டதில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை அவரை விடவில்லை.

ஆசைப்பட்டவர் அப்பாவிடம் பணம் கேட்கவில்லை. கோவைக்குப் போய் ஓட்டல் ஒன்றில் சர்வராகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியைத் தேடிப்போய், அதே வண்டியை வாங்கினார். கவுன்டரில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சேமிப்புப் புத்தகங்களைப் பார்த்தவன் நான். ஒரே ஒரு பொருளுக்காகப் பொறுமையாகச் சேர்ப்பவரின் புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரவு இருக்கும், எடுப்பு இருக்காது.

வண்டி கைக்கு வந்ததும் ஊர் சுற்றியதோடு அவர் நிற்கவில்லை. அதைப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எதற்கு இருக்கிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம்.

பிறகு எல்லாம் நேராகப் போய்விடவில்லை. திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்து சம்பாதித்ததை, பம்பாய்ச் சந்தையில் இழந்தார். மறுபடி பழைய மோட்டார் ஆசைக்கே திரும்பினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். பழநி அப்போது நம் மதுரை மாவட்டத்தில் இருந்தது என்பது நமக்குச் சின்னப் பெருமை. அந்த ஒரு பஸ்ஸிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனம் வளர்ந்தது. 1937-ல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது, டி.பாலசுந்தரம் நாயுடுவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாக முன்நின்று, அதன் முதல் முதல்வரும் ஆனார். சில வகுப்பே படித்தவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! நான்கு ஆண்டுப் படிப்பு வீண், கையால் செய்து பழகினால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது, பிரித்துப் போட்ட அந்த ரட்ஜ் வண்டியை நினைத்தால் புரியும். 1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார்.

இப்போது என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, ஒரு மே மாதம், என் மொபெட்டைப் பிரித்துப் போட்டான். பூட்டத் தெரியாமல் விழித்தான். அக்கம்பக்கத்தார் முன் திட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகு அவன் ஸ்பானரைத் தொடவே இல்லை. இன்று அவன் வண்டியில் ஒரு போல்ட் கழன்றாலும் மெக்கானிக்குக்குத்தான் போன் செய்கிறான். அந்தப் பற்று என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பேரன் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருந்ததை அவனே கண்டுபிடித்தான். பிளக்கைத் துடைத்து, செயினை இறுக்கி, டயருக்குக் காற்று அடித்தான். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் ஹெல்மெட் போட்டு, மூன்று வண்டிகளும் அழகர்கோவில் வரை போய்த் திரும்பின. வந்து இறங்கிய முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு வேண்டுகோள் வைக்கப்போகிறேன். தடை வேண்டாம். பின்மூலையில் ஓர் இடம், கீழே விரிக்க ஒரு தகரம், ஞாயிறு காலை மட்டும் அனுமதி. கறை படிந்தால் துடைப்பது அவரவர் பொறுப்பு. தவறினால் முதலில் துடைக்க நான் வருகிறேன். உங்கள் வீட்டில் ஓடாத வண்டி நின்றால், பிள்ளைகள் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துப் பாருங்கள்.