கொள்ளைநோயின் ஊற்றைக் கண்ட ஜோன் ஸ்நோ

வாந்திபேதி என்றால் ஒரு காலத்தில் ஊரே நடுங்கியது. 1817இல் வங்காளத்தில் பரவத் தொடங்கிய அந்நோய் சில ஆண்டுகளுள் இலங்கையைத் தொட்டு, 1831இல் இங்கிலாந்தையும் எட்டியது. அது பரவும் வழியைக் காட்டிய வைத்தியர் ஜோன் ஸ்நோவின் வரலாற்றை நம் அங்கத்தவர்கள் அறிதல் நன்று.

1813 மார்ச் 15ஆம் நாள் யோர்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதில் வைத்தியம் பயிலச் சென்றார். இளமையிலேயே மதுவையும் புலாலையும் விலக்கினார். பின்னர் மயக்கமருந்து கொடுப்பதில் பெயர்பெற்று, 1853இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்துக்கே குளோரோபோம் கொடுத்தார். மற்றொருவராயின் அப்புகழோடு அமைந்திருப்பார்.

நச்சுக்காற்றே வாந்திபேதிக்குக் காரணம் என்று அக்காலப் பெரியோர் நம்பினர். நீரே காரணம் என்று 1849இல் இவர் எழுதியதை ஏற்றோர் சிலரே.

1854 ஆகஸ்ட் 31ஆம் நாளிரவு இலண்டன் பிரோட் வீதிப் பக்கம் நோய் வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறு பேர் மாண்டனர். இறந்தோர் எண்பத்துமூவரின் பெயர்ப் பட்டியலைப் பெற்று ஸ்நோ வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலோர் ஒரே நீர்ப்பம்பியின் அருகே வாழ்ந்தவர்கள். இறவாதோரையும் அவர் விசாரித்ததுதான் எமக்குப் பெரிதாகப் படுகிறது. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. மதுவடிசாலைத் தொழிலாளர் பம்பி நீரைத் தொடாமல் பியரே குடித்துத் தப்பினர். மது விலக்கியவருக்கு இதைக் குறித்துக்கொள்ளச் சற்றே சங்கடமாக இருந்திருக்கும்! தொலைவிலே ஹம்ஸ்டெட்டில் வாழ்ந்த விதவை அம்மையார் ஒருவரோ, அந்நீரின் சுவையை விரும்பி வண்டியில் வரவழைத்துக் குடித்து இறந்தார்.

செப்டெம்பர் 7ஆம் நாள் வட்டாரச் சபையாரிடம் இவற்றை எடுத்துரைத்தார். மறுநாள் பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்குள் பலர் ஊரைவிட்டு ஓடிவிட்டனர். நோயும் தணியத் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற வரைபடம் இவற்றுக்குப் பின்னரே வந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் அவ்வீட்டின்மேல் ஒரு கருங்கோடு. காலால் நடந்து அறிந்ததைப் பிறர் கண்ணுக்குக் காட்டியது அப்படம்.

அவர் கூற்றை நம்பாத வைற்ஹெட் என்ற பாதிரியார் அதை மறுக்கவே ஆராயப் புகுந்தார். முடிவில் அவரே மூலத்தைக் கண்டார். 40ஆம் இலக்க வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் மலக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. கற்பிட்டி மணற்றரையில் ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் வெட்டும் நமக்கு இது தூரதேசக் கதையன்று. மணல் நீரைத் தடுப்பதில்லை.

ஸ்நோ 1858 ஜூன் 16இல், நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். 1884இல் ரொபேட் கொக் கல்கத்தாவின் குளத்துநீரில் அந்நோய்க் கிருமியைக் கண்டார்.