பறவையறிஞர் சாலிம் அலி

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவார்க்கு, வானம் பார்த்த புன்செய்களும், இடையிடையே பழங்கிணறுகளும், அவற்றின் கரையில் ஓங்கிய பனைகளும் தென்னைகளும் காட்சியளிக்கும். மழைக்காலம் தொடங்கியதும் அம்மரங்களின் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னித் தொங்கவிடும். இளமையில் யானும் என் தோழரும் உதிர்ந்த கூடுகளைப் பொறுக்கி விளையாடியதுண்டு. அக்கூட்டினுள் நடைபெறும் வாழ்க்கை எத்தகையது என்று பொறுமையாக அமர்ந்து காணவேண்டும் என எங்களுள் ஒருவர்க்கும் தோன்றவில்லை. அவ்வாறு அமர்ந்து கண்டவர் பம்பாயிலே பிறந்த சாலிம் அலி ஆவார்.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பிறந்தார். மூன்று வயதிலேயே தாய் தந்தையர் இருவரையும் இழந்தவரானார். மாமன் அமிருதீன் தயாப்ஜியும், மக்கட்பேறற்ற அத்தை அமீதா பேகமும் அவரை வளர்த்தனர். மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு நாள் அவர் சிட்டு ஒன்றை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது யாதென்று வீட்டில் எவர்க்கும் தெரியவில்லை. 1908-ஆம் ஆண்டில் அதனை ஏந்திக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்குச் சென்றார். அங்குச் செயலராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் சிறுவனைக் கடிந்து அனுப்பாது, பறவையின் பெயரைக் கூறி, இழுப்பறைகளைத் திறந்து அங்குச் சேமித்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். பறவையைப் பதப்படுத்தும் முறையைக் கற்பிப்பதாகவும் உரைத்தார். சிறுவனின் ஐயத்திற்குச் செவிசாய்க்கும் பெரியவர் ஒருவர் கிடைப்பது எளிதன்று.

தோல் பதனிடுதல் திண்டுக்கல் மாணவர்க்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையின் மணம் அறியாதார் நம்மூரில் யார்? ஆயினும் பறவைத்தோலைப் பதப்படுத்துவது முற்றும் வேறான தொழில். வயிற்றின் நடுவே சிறு கீறலிட்டு, இறகு ஒன்றேனும் குலையாதவாறு உடலை வெளியே எடுத்தல் வேண்டும். கொழுப்பைச் சுரண்டி, பாடாணம் கலந்த சவர்க்காரத்தை உட்புறம் பூசுதல் வேண்டும். பின்னர்ப் பஞ்சடைத்துத் தைத்து, சிறகுகளை ஒடுக்கி மல்லாத்தி உலர்த்துதல் வேண்டும். இவை யாவும் முடிந்தபின் காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டுவர். கிடைத்த இடம், நாள், ஆணா பெண்ணா என்பது, பிடித்தவர் பெயர் ஆகியவை அச்சீட்டில் இருக்கும். உயிர் நீங்கியபின் மாறிவிடும் கண்ணின் நிறத்தையும் குறிப்பதுண்டு. சீட்டு இல்லாத தோல் எத்துணை அழகுடையதாயினும் ஆராய்ச்சிக்கு உதவாது.

கல்லூரிப் படிப்பு அவருக்கு இனிக்கவில்லை. இடையில் நிறுத்திவிட்டுப் பர்மாவிலுள்ள தவோய்க்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். கணக்கைக் காட்டிலும் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1917-இல் பம்பாய் திரும்பி, வணிகக் கல்வியோடு விலங்கியலும் பயின்றார். 1918-இல் தெமினா என்னும் நங்கையை மணந்தார். பட்டம் பெறாமையால், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் விரும்பிய பணி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் ஆனார். மாத ஊதியம் 350 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை.

இரண்டாண்டுகளில் அப்பணி சலித்தது. பிறர்க்கு விளக்கிக்கொண்டே இருக்கின்றோம், நாம் முறையாகக் கற்றது யாது என்ற வினா அவரை வருத்தியது. பறவையியலை முறையாகப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் அந்நாளில் இந்தியாவில் இலர். முப்பது வயது கடந்தவர், மணமானவர், திங்கள்தோறும் வரும் ஊதியத்தை விட்டு மீண்டும் மாணவராகக் கடல் கடத்தல் தகுமா? சாலிம் அலி துணிந்தார். முதலில் இங்கிலாந்தை நாடினார். அங்கிருந்து ஊக்கம் கிடைக்கவில்லை. இந்தியர் ஒருவர் இத்துறையில் தலையிடுவதை விரும்பாதாரும் அங்கு இருந்தனர். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தின் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெசமான் அவரை அன்போடு வரவேற்றார்.

அயல்நாட்டுப் பயணம் என்றவுடன் நாம் உடையையும் ஊறுகாயையும் எண்ணுவோம். பறவை ஆராய்வார்க்கு முதற்கவலை பறவைத்தோல்களே. ஈரம் புகின் பூஞ்சை பிடிக்கும். அந்துப்பூச்சி புகின் இறகு மிஞ்சாது. ஆதலால் ஒவ்வொன்றையும் பஞ்சில் பொதிந்து, பாச்சை உருண்டை இட்டு, இறுகிய பெட்டியில் அடுக்குவர். நல்ல பூட்டும் வேண்டும். அதற்குத் திண்டுக்கல்லார் பிறரிடம் செல்ல வேண்டுவதில்லை. பர்மாவில் ஸ்டான்போர்டு என்பவர் சேர்த்த பறவைத்தோல்களை ஆராய்வதே பெர்லினில் சாலிம் அலியின் பணிகளுள் ஒன்று. அவருக்குப் பர்மாக் காடு முன்னரே பழகியது. தொழில் செய்யச் சென்று வீணாக்கியதாகப் பிறர் கருதிய ஆண்டுகள், இப்பயணத்திற்கு முன்னேற்பாடாக அமைந்தன.

பெர்லினில் அவர் தோல்களை ஒப்பிட்டு இனம் பிரிக்கும் முறையை நன்கு கற்றார். பறவைகளைக் குஞ்சுப் பருவம் முதல் வீட்டில் வளர்த்து ஆராய்ந்த ஐன்ராத்து போன்ற அறிஞரோடு பழகினார். வடகடலிலுள்ள எலிகோலாந்து தீவில், பறவையைப் பிடித்து எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடும் முறையைப் பயின்றார். இறந்த பறவையின் காலில் சீட்டுக் கட்டிய கை, உயிருள்ள பறவையின் காலில் வளையமிடக் கற்றது. பிற்காலத்தில் நம் கோடிக்கரையில் அவர் சார்ந்த சங்கத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டனர்.

1930-இல் தாயகம் திரும்பினார். பணமில்லை என்று கூறி அருங்காட்சியகத்தார் அவர் பணியிடத்தையே நீக்கியிருந்தனர். கற்று வந்தவருக்கு வேலை இல்லை! பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடும்பத்தோடு சென்றார். வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாள்தோறும் மறைவில் அமர்ந்து நோக்கினார். ஆண்பறவை பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும். பெண்பறவை வந்து ஆராயும். அதற்குப் பிடித்தால் மட்டுமே ஆண் கூட்டை முடிக்கும். முடித்தபின் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை அழைக்கும். இதனை அவர் விரிவாக எழுதி வெளியிட்டபோது அறிஞருலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பின்னர், ஊதியம் வேண்டா, செலவு மட்டும் தருக என்று கேட்டு, ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1939-இல் தெமினா மறைந்தார். அத்துயரினின்று அவர் மீள நாளாயிற்று. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இயங்கி வருகின்றது. முறையாகப் பறவையியல் கற்கக் கடல் கடந்த அவர்க்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நினைவிடம் அது.