வான்படைத் தலைவர் சுப்ரதோ முகர்ஜி

பதவியினும் கடமையைப் பெரிதாகக் கருதி உழைத்தவர் ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி. இவர் 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் கல்லூரியில் விமானப் பயிற்சி பெற்றார். 1933-இல் கராச்சியில் நான்கே விமானங்களுடன் இந்திய வான்படையின் முதற்பிரிவு தோன்றியது. அதன் முதல் விமானிகள் ஐவருள் முகர்ஜியும் ஒருவர். 1939-இல் அப்பிரிவிற்கே தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1940-இல் வடமேற்கு எல்லைப்புறத்தில் மலைக்குடியினரால் சூழப்பட்ட தரைப்படையினர் சிலர், தோட்டாக்கள் தீர்ந்து தவித்தனர். வானிலிருந்து அதனை அறிந்த முகர்ஜி, தம் விமானத் துப்பாக்கியின் தோட்டாக்களைக் காலுறைகளில் நிரப்பச் செய்து, தாழப் பறந்து அவர்களுக்கு இட்டார்.

நாடு விடுதலை பெற்றபின், 1949-இல் இந்தியர் ஒருவர் தரைப்படைத் தலைவரானார். வான்படையோ இளம்படை, விமானங்களைப் பேணவும் பெரும்படையை நடத்தவும் இந்தியர் இன்னும் பயிலவேண்டியிருந்தது. ஆதலின் முகர்ஜி தலைமைப் பதவிக்கு விரையவில்லை. அடுத்தடுத்து வந்த மூன்று ஆங்கிலேயத் தலைவர்களின்கீழ்ப் பணியாற்றினார். 1954 ஏப்ரல் 1-ஆம் நாள் வான்படையின் முதல் இந்தியத் தலைவரானார். ஹண்டர், கான்பெரா முதலிய ஜெட் விமானங்கள் அவர் காலத்திலேயே படையிற் சேர்ந்தன. 1960 நவம்பர் 8-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, டோக்கியோ நகரில் அவர் காலமானார்.

பள்ளி மாணவரிடையே கால்பந்தாட்டம் வளரவேண்டும் என்பது அவர் விருப்பம். 1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைப் போட்டி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கால்பந்தாட்டத்தில் பெருவேட்கை கொண்ட காயல்பட்டினம் போன்ற ஊர்களின் மாணவர்க்கு அக்கோப்பை உயர்ந்ததோர் இலக்காகும். விரைந்து செயலாற்றுதலே அன்றிக் காலமறிந்து காத்திருத்தலும் வீரமே என்பதை முகர்ஜியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.