எதிர்பார்ப்பவர் பலர், எருவிடுபவர் சிலர்



கல்லூரி அணியாக இருந்தாலும் நாட்டின் அணியாக இருந்தாலும், கால்பந்துப் போட்டிகள் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது. கோப்பை யாருக்கு, முதல் சுற்றிலேயே வெளியேறப்போவது யார், எந்த வீரரை நம்பலாம், எவருடைய காலம் முடிந்துவிட்டது என்றெல்லாம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் கணித்துச் சொல்கின்றன. பந்து இன்னும் உருளவே இல்லை. அதற்குள் சிலர் தோளில் தூக்கிவைக்கப்படுகிறார்கள். சிலர் கணக்கிலிருந்தே நீக்கப்படுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியில் (13:6-9) ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். திராட்சைத் தோட்டத்தில் நின்ற அத்திமரத்தில் அதன் உரிமையாளர் மூன்று ஆண்டுகளாகக் கனி தேடினார். கிடைக்கவில்லை. அதை வெட்டிவிடச் சொன்னார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு விட்டுவைக்கும்படி கேட்டார். மரத்தைச் சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொன்னார். இருவருமே கனியை எதிர்பார்த்தவர்கள்தாம். ஆனால் ஒருவருடைய எதிர்பார்ப்பு கனியைத் தேடி வந்தது. மற்றவருடைய எதிர்பார்ப்பு மண்வெட்டியைக் கையில் எடுத்தது.

இந்த இரண்டாவது வகை எதிர்பார்ப்பை நம் நாட்டில் வாழ்ந்துகாட்டிய ஒரு மனிதரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த சையத் அப்துல் ரஹீம். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 2024-ஆம் ஆண்டு வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படத்தின் வழியாக இளைய தலைமுறையினர் பலர் அவரை அறிந்துகொண்டனர்.

பள்ளி ஆசிரியர்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் அணியில் கால்பந்தும் ஆடினார். பின்னர் பள்ளி ஆசிரியரானார். நகரின் கால்பந்துச் சங்கத்திற்கு 1943-இல் செயலாளரானார். 1950 முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி அளித்தார். கால்பந்து என்றாலே கல்கத்தாதான் என்றிருந்த அந்தக் காலத்தில், அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவர் பயிற்சி அளித்த முறையில் ஓர் ஆசிரியரின் பொறுமையைக் காண்கிறோம். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏமாற்றி ஓடுவதுதான் அன்று பலருக்கும் பெருமை. ரஹீமோ அப்படி ஓடுவதற்கே இடமில்லாத போட்டிகளை நடத்தினார். பந்து வந்த கணமே தோழருக்குக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு போட்டியில், பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடியிருக்காது. செய்தியாளர்களும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் பகிர்ந்து ஆடுவதையும், பலவீனமானதைப் பலப்படுத்துவதையும் இளைஞர்கள் அங்கேதான் கற்றார்கள்.

செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் என்ற ஏழைச் சிறுவனை அவர் கண்டெடுத்தார். நெடுந்தூரம் கடந்து பயிற்சிக்கு வர அந்தப் பையனிடம் வசதி இல்லை. வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் தம் கைக்காசைக் கொடுத்தார். பிற்காலத்தில் இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார் அந்தப் பலராம். திறமை இருந்தால் வரட்டும் என்று ரஹீம் காத்திருக்கவில்லை. வருவதற்கு வழியும் செய்துகொடுத்தார்.

பூமாலையும் பழியும்

1951-இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. நாடே மகிழ்ந்தது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் அதே இந்தியா தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அந்நாட்டின் குளிர்ந்த தரை அவர்களுக்குப் புதிது. பதினாறு மாதங்களில் பூமாலை பழியாக மாறிவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடிய எருசலேம் நகரில், சில நாள்களுக்குள் வேறு குரல் எழுந்ததை நாம் அறிவோம். கூட்டத்தின் இயல்பு அது. ரஹீம் அந்தக் குரலோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டார். அதன்பின் காலணி அணிந்து ஆடுவது இந்தியக் கால்பந்தில் கட்டாயமானது. அன்று உலகையே வியக்கவைத்த ஹங்கேரி அணியின் ஆட்டமுறையை அவர் ஆராய்ந்து, நம் வீரர்களுக்கு ஏற்றவாறு கற்பித்தார்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மக்களின் முன்னிலையில் இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் மீண்டும் யூகோசுலாவியா. இம்முறை முதல் கோல் இந்தியாவுடையது. 4-1 என்று தோற்றாலும், நான்கே ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் வாங்கிய அணியா இது என்று எண்ணவைத்தது அந்த வளர்ச்சி.

ஜகார்த்தா, 1962

ரஹீமின் கடைசிப் பெரிய பணி ஜகார்த்தாவில் நடந்த நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது அவரை நோய் வாட்டிக்கொண்டிருந்தது. அது நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. வெளியிலும் சூழ்நிலை கொந்தளித்தது. இஸ்ரேல், தைவான் நாட்டினருக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் அந்நகரத்து மக்களின் கோபம் இந்தியர் மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. வீரர்கள் களமிறங்கியபோதெல்லாம் கூச்சலும் ஏளனமும் அவர்களை வரவேற்றன.

ரஹீம் தம் வேலையைச் செய்தார். தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் இந்தியா வென்றது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்த நிலையில் அவரை ஒதுக்கிவிடாமல் முன்கள வீரராக மாற்றினார் ரஹீம். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் 3-2 என்று வெற்றி. ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். முந்திய இரவு ரஹீம் தம் வீரர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தரும்படி கேட்டாராம். பி. கே. பானர்ஜி 17-ஆம் நிமிடத்திலும் ஜர்னைல் சிங் 20-ஆம் நிமிடத்திலும் கோல் அடித்தார்கள். கோல் காவலில் உயர்ந்து நின்றார் பீட்டர் தங்கராஜ். 2-1 என்ற கணக்கில் இந்தியா வென்றது. அந்தப் பெருங்கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டிய சிலரும் இருந்தார்கள். அவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். முந்திய நாள்தான் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியிருந்தன.

சீக்கியரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தோளோடு தோள் சேர்ந்து ஆடிய அணி அது. நம் தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு: தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ். அடுத்த மாதம், 1962 அக்டோபர் 11 அன்று, உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அந்தச் சங்கம் 1965-இல் நமக்குக் கற்பித்தது. ஓர் இஸ்லாமிய ஆசிரியரின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வது அந்தப் போதனைக்கு ஏற்றதே.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். அவருக்கு வயது 53. அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

பாவு சரியாக இருந்தால்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இந்த வாழ்க்கை எளிதில் விளங்கும். கடையில் விரித்துக் காட்டும் பட்டுச்சேலையில் கரையையும் முந்தியையும் எல்லாரும் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள். ஆனால் நெசவுக் குடும்பத்தாருக்குத் தெரியும்: தறியில் நாடா ஓடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துச் சரிசெய்ய வேண்டும். பாவு சரியில்லை என்றால் எந்தச் சரிகையும் சேலையைக் காப்பாற்றாது. கோர்வைச் சேலையில் இன்னொன்றையும் காண்கிறோம். மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ள, நெய்பவரின் அருகில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். சேலையைப் புகழ்பவர்கள் அவரை நினைப்பதில்லை. ஆனால் அவர் கை இல்லாமல் அந்தக் கரை உடலோடு சேர்வதில்லை.

ரஹீம் பாவு பிடித்தவர். அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

நம் வீடுகளில்

அன்புக்குரியவர்களே, போட்டிக்கு முன்பே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் வழக்கம் விளையாட்டுப் பக்கங்களோடு நின்றுவிடவில்லை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நம் வீட்டுக்குள் நுழைந்ததும், உறவினரும் அண்டை அயலாரும் கணிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பிள்ளை மருத்துவராகியே தீர வேண்டும். இன்னொரு பிள்ளை எதற்கும் உதவாது. தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் நாம் கேட்கும் துயரச் செய்திகள் இந்தச் சுமையின் எடையைச் சொல்கின்றன. புகழ்ந்து ஏற்றிய சுமையும் பிஞ்சுத் தோள்களை நசுக்கும். இகழ்ந்து ஏற்றிய சுமையும் நசுக்கும்.

அப்படியானால் பிள்ளைகளிடம் எதையும் எதிர்பார்க்கவே கூடாதா? அப்படி அல்ல. ரஹீமும் எதிர்பார்த்தார்; தங்கத்தையே கேட்டார். ஆனால் அதைக் கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. சைக்கிள் வாடகை கொடுத்தவர் அவர். பலவீனமான காலுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். 10-1 என்று தோற்ற நாளிலும் உடன் இருந்தவர் அவர். தலையில் தையல் போட்டிருந்தவருக்கும் அணியில் ஓர் இடம் தேடித் தந்தவர் அவர். அத்தகையவர் எதிர்பார்க்கும்போது அது சுமையாவதில்லை, பிள்ளைக்குத் தெம்பாகிறது.

உவமையில் வரும் தோட்டத் தொழிலாளரில் திருச்சபை நம் ஆண்டவர் இயேசுவையே காண்கிறது. நமக்காகப் பரிந்து பேசி, இன்னும் ஓர் ஆண்டு கேட்டுப் பெற்று, நம் வேரருகே குனிந்து உழைப்பவர் அவர். பவுலடியாரும், ஆண்டவர் வருவதற்கு முன் காலத்துக்கு முந்தித் தீர்ப்பிட வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி 4:5). ஒரு பிள்ளையைப் பற்றியும், ஒரு குடிநோயாளியைப் பற்றியும், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியும் நாம் சொல்லும் இறுதித் தீர்ப்புகள் எல்லாம் காலத்துக்கு முந்தியவையே. அவர்களுடைய ஆட்டம் இன்னும் முடியவில்லை.

சிந்தனைக்கு

நம் பிள்ளைகளிடம் மதிப்பெண் கேட்கும் நாம், அவர்கள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அருகில் அமர்ந்திருக்கிறோமா?

நம் பங்கில் எதற்கும் உதவாதவர் என்று நாம் ஒதுக்கிவைத்தவர் யார்? அவருக்கு ஏற்ற ஓர் இடத்தைத் தேடினோமா?

நாம் முன்னேறுவதற்குப் பின்னிருந்து பாவு பிடித்த ஆசிரியரையும் பெற்றோரையும் கடைசியாக எப்போது நன்றியோடு நினைத்தோம்?

இந்த வாரம் ஒரு பிள்ளையின் அருகில், ஒரு மரத்தடியில், மண்வெட்டியோடு குனிவோம். கனியைத் தருபவர் ஆண்டவர். அவர் நம் குடும்பங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.