மறவர் சீமையில் அருளானந்தர்

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி வகுத்த நெறியில், தமிழ்த் துறவியராகவே வாழ்ந்து காட்டிய இயேசு சபையார் பலர். அவருள் உயிர்விலை கொடுத்தவர் அருளானந்தர். லிசுபன் நகரில் 1647 மார்ச்சு முதல் நாள் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். துறவு பூண்டு 1673-இல் கோவா வந்தார்; மறு ஆண்டு மதுரைப் பணித்தளம் சேர்ந்தார். செந்நிற ஆடையும் மரக்கறி உணவுமாய்ப் பண்டார சுவாமியாக ஊர்தோறும் நடந்தார். ஜான் என்பதன் மூலமாகிய எபிரேயப் பெயரிலும் அருட்பொருள் உண்டு. தமிழ்ப்பெயர் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது!

1686-இல் மறவர் சீமையில் உபதேசியார் சிலரோடு பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். ஆயினும் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி நேரில் விசாரித்து, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு விடுவித்தார். இதனை மறந்து சேதுபதியைக் கொடுங்கோலராக மட்டும் தீட்டுவது நேர்மையன்று.

சபைப் பணியாக ஐரோப்பா சென்றபோது, உடன் வளர்ந்த இளவரசர் இரண்டாம் பேதுரு மன்னராயிருந்தார். அங்கேயே தங்கிவிட வழியிருந்தும், 1690-இல் இந்தியா திரும்பினார்; விலக்கப்பட்ட சீமைக்கே மீண்டும் சென்றார்.

அங்கே தடியத் தேவர், சேதுபதி மரபினர், அரியணைக்கு உரியவராகக் கருதப்பட்டவர், நோய் நீங்கி 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் இளையவர் சேதுபதியின் நெருங்கிய உறவினர், அரசரிடம் முறையிட்டார். அவரைப் பழிகாரியாகவே எழுதிச் சென்றோர் பலர். கைவிடப்பட்ட பெண்ணின் துயர் அவர்கள் கண்ணிற் படவில்லை. சமயம், குடும்பம், அரியணை என்னும் மூன்றும் ஒரே முடிச்சில் இறுகின. மதுரையில் இராணி மங்கம்மாள் சமயப் பொறை காட்டிய காலம் அது. சேதுபதியின் நாட்டில் அந்நிழல் எட்டவில்லை.

சனவரி 8-இல் சிறைப்பட்டவரைத் தலைநகரில் கொல்லாது, பாம்பாற்றங்கரை ஓரியூருக்கு அனுப்பினர். இறுதி மடலை எழுத மையில்லை, கரியே மையாயிற்று. பிப்ரவரி 4-இல் தலை வெட்டுண்டது. 46 அகவை நிறைய ஒரு திங்கள் குறைவாயிருந்தது.

1947-இல் உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூர்ச் செம்மணலை மடியில் முடிந்து செல்வோருள் கிறித்தவரல்லாதாரும் உளர். மறவர் குடியினரும் உளர்.